நான் போகாத பதினான்கு ஞாயிறுகள்

லோகன்,

இந்தக் கடிதம் நம் பறவைக் குழுவின் அடுத்த இதழில் மலாய் மொழிபெயர்ப்போடு அச்சாகப் போகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று கூச்சிங் முகவரிக்கு ஒரு படியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். படித்து முடித்ததும் குழுத் தலைவர் ரோஸ்லி சாரைக் கூப்பிட்டு, "எங்க அம்மா ஏதோ மனசு சரியில்லாம எழுதிட்டாங்க, போட வேணாம்" என்று சொல்லிவிடாதே. நீ அப்படிச் சொல்லக்கூடியவன். போன மே மாதம் சிம்பாங் ரெங்கத்தில் மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது எழுந்து நின்று, "தப்பு என்னோடது" என்று சொன்னவன் நீ. அது உன் தப்பு இல்லை என்பது அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நீ. இன்னொருத்தி, இரண்டாவது வரிசையில், மடியில் வடைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த நான்.

இத்தனை மாதம் பேசாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நீ கேட்கலாம். மேகலாதான் காரணம். லாபிஸில் பிறந்து, ஆசிரியை வேலை கிடைத்துக் கடல் தாண்டிக் கூச்சிங்குக்குப் போன அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் நீ தாலி கட்டப் போகிறாய். இரண்டு வாரத்துக்கு முன் கூறைப்புடவை நிறம் பற்றிக் கேட்கக் கூப்பிட்டாள். பேசி முடித்துவிட்டு வைக்கப் போனவள், "அத்தை, ஒன்னு கேக்கலாமா?" என்றாள். "அவரு பைனாகுலர பெட்டியில போட்டு அலமாரி மேல வச்சிட்டாரு. இங்க வந்த புதுசுல வாரா வாரம் ஆத்தோரம் போவோம். அங்க போயித்தான் நாங்க பேசிப் பழகினதே. இப்ப நானா கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாரு. ஏன்னு கேட்டா ஆசை விட்டுப் போச்சுன்னு சொல்றாரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா அத்தை?" நான் கொஞ்சமும் தயங்காமல், "வேலைக் களைப்பா இருக்கும்மா" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. புதிதாக உறவாகி வரப்போகிற ஒரு பெண்ணிடமும் பொய் சொல்லிவிட்டேன். அவள் நம் வீட்டுக்கு வரும்போது அவளுடைய சீர்வரிசையோடு என் பொய்யும் வந்து இறங்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதழைப் படிக்கிற எல்லாருக்கும் நம் கதை தெரியாது. கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். நான் அரசாங்கக் கிளினிக்கில் முப்பது வருடம் பதிவு எழுத்தராக இருந்தவள். ஓய்வு பெற்ற வருடமே உன் அப்பா போய்விட்டார். நீ அப்போது ஸ்கூடாயில் படித்துக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாய். நான் டிவி முன்னால், சத்தத்தை அடைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு காலை அப்பாவின் பழைய காஞ்சில் காரின் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். "வாங்கம்மா, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்." எனக்கு எழுந்திருக்கவே விருப்பமில்லை. "இந்தச் செம்பனக் காட்டுல பாக்கறதுக்கு என்னடா இருக்கு?" என்றேன். "என்ன இருக்குன்னு பாத்துட்டு வருவோம், காலைப் பசியாற நேரத்துக்குத் திரும்பிடலாம்," என்றாய். அன்றைக்கு நாம் திரும்பியபோது மணி பன்னிரண்டு.

எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் அந்தத் தோட்டத்துச் செம்மண் சாலையில் எட்டு வருடம் போனோம். முதல் சில வாரங்கள் எனக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை. பறவை என்றால் எனக்குக் காக்கை, மைனா, கோழி, அவ்வளவுதான். நீ காரை மெதுவாக விட்டுக்கொண்டே, "எடது பக்கம், மூணாவது கம்பி, நீலமா இருக்கு பாருங்க" என்பாய். நான் தலையைத் திருப்புவதற்குள் மீன்கொத்தி பறந்திருக்கும். பிறகு ஒரு நாள் மதகடியில் நீ எஞ்சினை நிறுத்தினாய். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். என் கையை லேசாக அழுத்தினாய். மதகுக்குள்ளிருந்து நீர்நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. பெரியவை இரண்டு, குட்டிகள் நான்கு. கடைசிக் குட்டி சாலை நடுவில் உட்கார்ந்து, நம் காரைப் பார்த்துத் தும்மியது. நான் சிரித்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நீ பிற்பாடு சொன்னாய். எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பாதையில் மூன்று இடங்கள் நமக்கு முக்கியம். ஐந்தாவது மைலில், ஐந்தாங்கட்டை வளைவில், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளைகளில் புறா ஆர்க்கிட் அடை அடையாகப் பிடித்திருந்தது. வெயில் நாட்களுக்குப் பிறகு திடீரென்று ஒரு பெருமழை பெய்து குளிர்ந்தால், எண்ணி ஒன்பதாம் நாள் வட்டாரம் முழுக்க அந்தப் பூ ஒரே காலையில் பூக்கும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். மழை பெய்த நாளை நீ நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, ஒன்பதாம் நாள் வேலை நாளாக இருந்தால் லீவு போட்டு வருவாய். மரத்தைத் தாண்டினால் ஒரு மணல் மேடு. மாசி வாக்கில் பஞ்சுருட்டான்கள் வந்து, நீலக் கழுத்தும் செந்தலையுமாக, மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். மேட்டுக்குக் கீழே, கோரைப்புல் சூழ்ந்த குட்டை. நீலத் தாழைக்கோழிகள் சிவந்த மூக்கை நீட்டிக்கொண்டு தண்ணீர்ச் செடிகள் மேல் நடந்து போகும். சாலையோரம் முழுக்க செண்டுடுக் செடியின் ஊதாப் பூ. வெளிநாட்டில் வசந்த காலம் என்று ஒன்று இருக்கிறதாமே, நமக்கு அது அந்த ஒன்பதாம் நாள்தான் என்று ஒரு முறை சொன்னாய்.

நீ எல்லாவற்றையும் எழுதி வைத்தாய். தேதி, நேரம், எத்தனை, எந்த இடம். ஒரு தடவை செண்பகத்தின் குரல் கேட்டது. பறவை கண்ணில் படவில்லை. "பாத்ததா எழுதிக்கோடா, அது அங்கதான் இருக்கு" என்றேன். நீ பேனாவை எடுக்கவில்லை. "கேட்டோம்னு எழுதலாம்மா. பாக்காதத பாத்தேன்னு எழுதக் கூடாது. எழுதினா மத்ததும் வீணாப் போயிடும்," என்றாய். முப்பது வருடம் பதிவுப் புத்தகம் எழுதிய எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கே தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் செய்தேன்.

போன வருடம் செப்டம்பரில் உனக்குக் கூச்சிங்கில் வேலை மாற்றம் வந்தது. புறப்படும் முன், குழுவுக்காக எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பறவைக் கணக்கை என்னிடம் கொடுத்தாய். "ஒங்களுக்கு முடிஞ்சா மட்டும் போங்கம்மா. முடியலன்னா விட்டுடுங்க. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க," என்றாய். இதை இரண்டு முறை சொன்னாய். நான்தான், "ஏன், எனக்கு என்ன கேடு? நான் பாத்துக்கறேன்," என்றேன். செப்டம்பரிலிருந்து டிசம்பர் முடிய ஒரு வாரமும் தவறாமல் போனேன். அந்தத் தாள்கள் உண்மை. போய் வந்ததும் தாளைப் படமெடுத்துக் குழுவின் வாட்சப்பில் போடுவேன். அடுத்த நிமிடம் பாராட்டு வரும். "ஆன்ட்டி இந்த வயசுலயும் தனியா போறாங்க," என்று மலாயிலும் இங்கிலீஷிலும் எழுதுவார்கள். கிளினிக்கில் முப்பது வருடம் ஒரு நாளும் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. அந்தப் பாராட்டுக்காக ஞாயிறு மத்தியானம் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

ஜனவரி முதல் வாரம் விடாத மழை. ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. சாலை சேறாகக் கிடந்தது. மதகைத் தாண்டிய பிறகு கார் வழுக்கி, பின்சக்கரம் இரண்டும் லோங்காங்கில், சாலையோர வாய்க்காலில், இறங்கிவிட்டன. கதவைத் திறந்தால் கீழே தண்ணீர். எனக்கு ஏற்கெனவே முட்டி வலி, காலை மடக்கி இறங்க முடியவில்லை. அரை மணி நேரம் ஒரு ஆளும் வரவில்லை. "அப்பா முருகா" என்று சொல்லிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பழம் வெட்டுகிற வங்காளதேசப் பிள்ளைகள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கம்பு கொடுத்துத் தூக்கி, தள்ளி, மேலே ஏற்றினார்கள். அவர்கள் சட்டையெல்லாம் என் சேறு. ஒருவன் பெரியம்மா முறை வைத்து மலாயில், "மக்சிக், இனிமே தனியா வராதீங்க," என்றான். நான் கொடுத்த காசை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்குள் காரைக் கழுவினேன். உன்னிடம் சொன்னால் சாவியை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்வாய் என்று பயம். அன்றைய தாளில் பாதி இடம்தான் நிரம்பியிருந்தது. மீதிப் பாதியை அதற்கு முந்தைய வாரத் தாளைப் பார்த்து எழுதினேன். என்னுடைய முதல் பொய் அதுதான். அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டு, "காடி லோங்காங்ல எறங்கிடுச்சுடா, பயந்துட்டேன், இனி போக மாட்டேன்," என்று சொல்லியிருந்தால், நீ சிரித்திருப்பாய், கொஞ்சம் திட்டியிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். நான் மறைத்தது ஒரு கார் வழுக்கியதை. அதை மறைக்கப் போய் அத்தனையும் வந்தது.

அதற்குப் பிறகு பதினான்கு ஞாயிறுகள் நான் போகவே இல்லை. காலையில் எழுந்து குளிப்பேன், தொப்பியை எடுத்து மேசையில் வைப்பேன், காரை வெளியே எடுத்துக் கோப்பிக் கடை வரை போவேன். அங்கே தே தாரே தேநீரும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுவிட்டு, உன் பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தாளை நிரப்புவேன். பொய்ப் பதிவு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிளினிக்கில் புதிதாக வருகிற எழுத்தர்கள் ஆளை எண்ணாமல் எண்ணை எழுதினால் நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். எல்லாம் பத்து, இருபது என்று வரும். அதனால் நான் ஏழு, பதினொன்று, மூன்று என்று எழுதினேன். ஒரு வாரம் வேண்டுமென்றே "மழை, பத்து நிமிடம் காத்திருந்தேன்" என்று ஓரத்தில் குறிப்பு வைத்தேன். ஒரு வாரம் தாளில் இரண்டு சொட்டுத் தேநீர் சிந்தவிட்டு, சேறு பட்டதுபோலத் தேய்த்தேன். ஆமாம் லோகன், அதையும் செய்தேன். தப்பு செய்தவள் தடுமாறிச் செய்தாள் என்று நீ நினைக்கக் கூடாது. நான் நிதானமாக, நன்றாகச் செய்தேன்.

பிப்ரவரியில் ரோஸ்லி சார் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார்: உங்கள் பாதையில் புதிதாக ஏதாவது மாற்றம் தெரிகிறதா, மரம் வெட்டுகிறார்களா, முளைக்குச்சி அடித்திருக்கிறார்களா? நான் "மாற்றம் ஏதுமில்லை" என்று பதில் எழுதினேன். அந்த வாரம் ஐந்தாங்கட்டை மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். குட்டையைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள் நட்டிருந்தார்கள். நான் போயிருந்தால், காரைவிட்டு இறங்காமலே பார்த்திருப்பேன். ரோஸ்லி சார் அப்போதே தோட்டத்துக்காரர்களிடம் பேசியிருப்பார். அப்போது எதுவும் முடிவாகவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மார்ச்சில் ஒரு பெருமழைக்கு ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நம் தாமான் குடியிருப்பில் எதிர்வீட்டு மாமரத்தில் புறா ஆர்க்கிட் பூத்தது. ஜன்னலைத் திறந்ததும் வாசனை. இங்கே பூத்தால் அங்கேயும் பூத்திருக்கும். உன் நோட்டில் எட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. "ஐந்தாங்கட்டைத் தூங்குமூஞ்சி மரம்: கிளை முழுதும் பூ, நல்ல வாசனை" என்று எழுதினேன். அந்த மரம் அப்போது துண்டு துண்டாக லாரியில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஏப்ரலில் தோட்டத்து கேட்டை மூடினார்கள். யாரும் உள்ளே போக முடியாது என்றானது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனிப் பொய் எழுத வேண்டாமே என்று மட்டும்தான் நினைத்தேன். அந்தக் குட்டையையும் மேட்டையும் அழித்துச் செம்பனை நடப் போகிறார்கள் என்று பிறகு செய்தி வந்தது. ரோஸ்லி சார் நடையாய் நடந்து பேசினார். குட்டை ஓரத்தையாவது விட்டுவைக்க முடியுமா என்று பார்க்கலாம், பறவைகள் இப்போதும் வருகின்றன என்பதற்கு மே மாதக் கூட்டத்தில் ஆதாரம் காட்டுங்கள் என்று தோட்டத்து மேனேஜர் ஒப்புக்கொண்டார். நீ உன் செலவில் கூச்சிங்கிலிருந்து விமானம் ஏறி வந்தாய். இரண்டு நாள் உட்கார்ந்து எட்டு வருடக் கணக்கையும், என் கணக்கையும் சேர்த்து வரிசைப்படுத்தினாய். நான் பக்கத்தில் நின்று உனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு இரண்டு முழு நாட்கள் இருந்தன. ஒரு தடவை, "இந்த வருஷக் கணக்க விட்டுடேன்டா, பழசு மட்டும் போதாதா?" என்று கேட்டேன். "இந்த வருஷந்தாம்மா முக்கியம். இப்பவும் இருக்குன்னு காட்டணும்ல?" என்று சிரித்தாய். நான் அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டேன்.

மண்டபத்தில் நடந்ததை இங்கே இருப்பவர்கள் பார்த்தார்கள். ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. தோட்டத்து அலுவலகத்திலிருந்து வந்த பெண், நம் தமிழ்ப் பெண்தான், உன்னைவிடச் சின்னவள், முதலில் எழுந்து பேசவில்லை. மேசைப் பக்கம் வந்து, குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள்: "அண்ணா, இந்த மரத்த நாங்க பிப்ரவரியிலயே வெட்டிட்டோம். லாரி திரும்ப எடம் பத்தல. மார்ச்சுல எப்படிண்ணா பூத்திருக்கும்?" உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். மேனேஜர் என்னவென்று கேட்டதால், மலாயில் திரும்பச் சொல்லி, போனிலிருந்த படத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. வெட்டிய மரம், பக்கத்தில் லாரி, மூலையில் தேதி. நீ படத்தைப் பார்த்தாய். பிறகு தாளைப் பார்த்தாய். தாளில் என் கையெழுத்து; மற்ற யாரும் அதைக் கவனிக்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்னோடது. போன வருஷத் தாள தேதி மாத்திப் போட்டுட்டேன்," என்றாய். மேனேஜர் கோபப்படவில்லை. கோப்பினை மூடி, உன் பக்கமாகத் தள்ளி, "ஒரு தாள் இப்படி என்றால் மற்றதை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது?" என்று கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் பாத்திரத்தின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது நீ காரை ஓட்டினாய். வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கேட் முன்னால் நிறுத்தியதும், "முட்டி வலிக்குதாம்மா? மெதுவா எறங்குங்க," என்றாய். நீ அப்போது கத்தியிருந்தால் நான் அழுது, எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நீ என் முட்டியைக் கேட்டாய். நானும், "கொஞ்சம்" என்றேன்.

அடுத்த மாதம் குட்டையின் தண்ணீரை வடித்துவிட்டார்கள். குழுவில் சிலர், உன் எட்டு வருடப் பதிவையும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்றார்கள். ஒதுக்கிவைத்தார்கள். நீ மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிடுவதை நீ நிறுத்தவில்லை. மருந்து, கேஸ், தண்ணீர் பில், எதிர்வீட்டுப் பூனை, எல்லாம் கேட்கிறாய். பறவை என்ற சொல்லை மட்டும் இருவரும் தொடுவதில்லை.

மேகலா பேசிய மறுநாள் ரோஸ்லி சார் வீட்டுக்கு நானே ஓட்டிப் போகத் தைரியமில்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காரில் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மலாயில், "உங்கள் மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "அன்றைக்கே தெரியும்," என்றேன். "அப்படியானால் அவனை நான் ஆறு மாதமாகத் தவறாகப் பார்த்திருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார்; எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர், அன்றைக்கு உட்காரவில்லை. அடுத்த சனிக்கிழமை குழுவிலிருந்து நான்கு பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். பதினான்கு தாளிலும், அந்தப் பாதித் தாளிலும், குறுக்கே ஒரு கோடு இழுத்து, "நான் போகவில்லை, இது பொய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் எட்டு வருடத்தைப் படங்களோடும் ஒலிப்பதிவுகளோடும் ஒப்பிட்டார்கள். ஒன்றும் தவறவில்லை. உன் பெயரில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். தோட்டத்துக்கும் ரோஸ்லி சார் எழுதிவிட்டார். குட்டை திரும்பி வராது. அங்கே இப்போது முட்டி உயரச் செம்பனை நிற்கிறது.

குளுவாங்கில் ஆசிரியையாக இருக்கும் லிம் அம்மாவும் அன்றைக்கு வந்திருந்தார். வாட்சப்பில் எனக்கு எப்போதும் முதல் ஆளாகப் பாராட்டு அனுப்புகிறவர். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, "ஆன்ட்டி, மார்ச்சில நீங்க போட்டதப் பாத்துட்டு அன்னிக்கே என் பிள்ளைங்கள வேன்ல கூட்டிட்டுப் போனேன்," என்று பாதித் தமிழும் பாதி மலாயுமாகச் சொன்னார். "மரத்தக் காணோம். நான் வளைவ மாத்திட்டேன்னு நெனச்சு ஒரு மணி நேரம் சுத்தினேன். பிள்ளைங்களுக்குப் பசி வந்துருச்சு, திரும்பிட்டோம். எனக்கு வழி தெரியலன்னு வெக்கப்பட்டு யாருக்கும் சொல்லல லா." என் பொய்யால் அவர் வெட்கப்பட்டிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். இது நான் கெட்டுத் தெரிந்துகொண்டது. நீ என் பழியை எடுத்துக்கொண்டது என்மேல் உள்ள பாசத்தால். ஆனால் எடுத்துக்கொண்டதோடு கதவையும் சாத்திவிட்டாய். நான் உள்ளே தனியாக நின்றேன். நீ வெளியே தனியாக நின்றாய். மேகலா ஒரு நாள் ஏதாவது தப்பு செய்வாள், மனிதர்கள் செய்வார்கள். அப்போது அவளுக்காக நீ சுமந்துகொண்டு, சிரித்த முகமாக முட்டி வலியை விசாரிக்காதே. அவளிடம் கேள். சண்டை போடு. சண்டை போடக்கூட லாயக்கில்லாதவள் என்று அவளை நினைக்க வைத்துவிடாதே. உனக்கு ஏதாவது சறுக்கினால், கார் சேற்றில் இறங்கின அளவு சின்ன விஷயமாக இருந்தாலும், அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. அன்றைக்குச் சொல்வது சுலபம். மறுநாள் கொஞ்சம் கஷ்டம். நான் சொல்ல எவ்வளவு காலம் ஆயிற்று பார்.

இந்தக் கடிதத்தை மேகலாவிடம் நீயே படித்துக் காட்டு. தமிழ் அவளுக்கு நன்றாக வரும். ஆனாலும் உன் வாயால் கேட்கட்டும். என்னைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாளோ, அது நான் சம்பாதித்தது. கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும், வருவேன், எங்கே உட்காரச் சொல்கிறீர்களோ அங்கே உட்காருவேன்.

வருகிற ஞாயிறு வழக்கம்போலக் கூப்பிடுவாய். கூப்பிட்டதும் மருந்து சாப்பிட்டேனா என்று ஆரம்பிக்காதே. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேள். என்னிடம் நல்ல பதில் ஒன்றும் இல்லை, லோகன். ஆனாலும் நீ கேட்க வேண்டும்.

அம்மா